பேட்ச் கூடுகையா, பண்டிகை அழைப்பா? இறையியல் கல்லூரிப் பழைய மாணவர்கள் வாங்க

வைகைக்கரை (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில ஒண்ணா பி.டி. (குருமாருக்கான இறையியல் பட்டம்) படிச்ச எங்க பேட்ச்சுக்குள்ள கொஞ்ச நாளா ஒரே பேச்சு, கூடுகை வைக்கணும்னு. எந்த ஊர், தலைக்கு எவ்வளவு வசூல், எந்தப் பேராயரைக் கூப்பிடறது, சால்வை எத்தனை வாங்கறது எல்லாம் வாட்ஸ்அப்ல ஓடிக்கிட்டிருக்கு. நான் அங்க வாயைத் திறக்கல. இங்க பல கல்லூரிக்காரங்க, பல சபைக்காரங்க இருக்கீங்க, அதான் இங்க கேக்கறேன்.

போன தடவை நடந்தது இதுதான். ஆரம்ப ஜெபம், வரவேற்புரை, ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் பொன்னாடை. அப்புறம் ஒவ்வொருத்தரா எழுந்து பேர், சபை, பிள்ளைங்க என்ன படிக்கறாங்கன்னு சொல்லணும். மெஸ்ல பாத்திரம் கழுவற அண்ணன் விரட்டற வரைக்கும் விடுதலை இறையியல் பத்திச் சண்டை போட்ட பசங்க, இப்போ ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததும் கேக்கற முதல் கேள்வி, "உங்க சபையில எத்தனை குடும்பம்?" பதிலைக் கேட்டதும் முகத்துல ஒரு கணக்கு ஓடும் பாருங்க. டவுன் சபை, ஐந்நூறு குடும்பம்னா ஒரு மரியாதை. என்னை மாதிரி ராமநாதபுரம் வறட்சிப் பக்கம், கருவேலங்காட்டுக்குள்ள பத்துப் பன்னிரண்டு கிராமம் சுத்தறவனுக்கு, "பரவால்ல பாஸ்டர், கர்த்தர் நடத்துவார்." பிரியாணி சாப்பிட்டுட்டு மூணு மணிக்கெல்லாம் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பியாச்சு.

அதே ஆட்கள்ல ரெண்டு பேர், நடு வருஷத்துல எனக்குத் திடீர்னு மாறுதல் வந்தப்போ, சொல்லாமலே வந்து லுங்கியைக் கட்டிக்கிட்டு என் பீரோவையும் புத்தக மூட்டையையும் லாரியில ஏத்தினாங்க. அன்னைக்கு ராத்திரி காலி வீட்டுத் தரையில உக்காந்து பரோட்டா சாப்பிட்டுக்கிட்டே பேசினோமே, அந்தப் பேச்சு எந்த ஹால்லயும் வரல.

அதனால எனக்குத் தோணறது, ஒருத்தர் ஊழியத்துக்குள்ள இன்னொருத்தர் கைவைக்கிற சினேகம்தான் நிக்குது. எல்லாரும் ஊழியத்தை மூட்டை கட்டி வச்சிட்டு ஒரு நாள் ஏசி ஹால்ல உக்கார்றது நிக்கல. உங்க பக்கம் எப்படி?

பனங்காட்டு_ஐயர்

தம்பி, நீங்க கேட்டதுக்கு எங்க பக்கம் பதில் ரொம்ப காலமா இருக்கு. அசனம், அதாவது கோயில் பண்டிகையில ஊரே ஒண்ணாச் சாப்பிடுற விருந்து.

நான் படிக்கப் போனப்போ அரசரடிக் கல்லூரிக்குப் பத்து வயசுகூட ஆகல. நாசரேத்துக்குப் பக்கத்துல இருந்த திருமறையூர்க் கல்லூரியும் தரங்கம்பாடி லுத்தரன் கல்லூரியும் 1969-ல ஒண்ணாச் சேர்ந்து உண்டான இடம் அது. அதனால மெஸ்ல எனக்கு ஒரு பக்கம் ஆற்காடு லுத்தரன் சபைப் பையன், இன்னொரு பக்கம் தஞ்சாவூர்ப் பையன். படிப்பு முடிஞ்சா அவன் அவன் சபைக்குப் போயிருவான், நான் திருநெல்வேலித் திருமண்டலத்துக்கு (ஒரு பேராயருக்குக் கீழ வர்ற சபைகள் எல்லாம் சேர்ந்தது) வந்திருவேன். வேற பேராயர், வேற சம்பள விகிதம், வேற கமிட்டி. திரும்பப் பாக்க ஒரு காரணமும் கிடையாது. காரணத்தை நாமதான் உண்டாக்கணும்.

நாங்க செஞ்சது என்னன்னா, நம்ம ஊர் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அவனைப் பிரசங்கத்துக்குக் கூப்பிடுறது, அவன் ஊர்ப் பண்டிகைக்கு நாம போறது. முந்தின நாள் சாயங்காலமே வந்திரணும், அதுதான் நிபந்தனை. காலையில டாக்சியில வந்து பிரசங்கம் பண்ணிட்டு மத்தியானம் கிளம்புறவன் விருந்தாளி. முந்தின நாள் வந்தவன்தான் கூட்டாளி. அன்னைக்கு ராத்திரி பூரா கோயில் காம்பவுண்டுல அடுப்பு எரியும். ஒரு பக்கம் ஆடு உரிப்பாவ, ஒரு பக்கம் வாலிபர் சங்கத்துப் பயலுவ கண்ணுல தண்ணி வழிய வெங்காயம் உரிப்பானுவ. அரிசி ஒருத்தர் நேர்ச்சை, ஆடு ஒருத்தர் நேர்ச்சை, விறகு ஒருத்தர். அண்டாப் பக்கத்துல ரெண்டு நாற்காலி போட்டு உக்காந்தா விடியுற வரைக்கும் பேசலாம். எங்களுக்கு அதுதான் ரிட்ரீட்.

இன்னொண்ணு இருக்கு. கூட்டாளி நல்லா இருக்கானான்னு அவன்கிட்ட கேட்டா, "ஸ்தோத்திரம், நல்லாருக்கேன்"னுதான் சொல்லுவான். குருவானவர் வாயில இருந்து வேற வார்த்தை வராது. ஆனா அவன் சபையார் அவன்கிட்ட எப்படிப் பேசுதாவன்னு ஒரு ராத்திரி பாத்தாப் போதும். செயலாளர் அவனைத் தாண்டிப் போகும்போது மூஞ்சியைத் திருப்புதாரா, சமையல்காரர் உப்பு பாக்க அவனைக் கூப்பிடுதாரா, பிள்ளைங்க அவன் மேல ஏறி விளையாடுதா. எல்லாம் தெரிஞ்சுபோவும். ஒரு வருஷம் ஒரு கூட்டாளியை அப்படித்தான் கண்டுபிடிச்சோம், ஆளு ரொம்ப உடைஞ்சு போயிருந்தான். ஹால்ல பாத்திருந்தா கைகுலுக்கிட்டு வந்திருப்போம்.

பிரசங்கத்துக்குத் தர்ற கவர் விஷயத்துல மட்டும் ஒரு ஒழுங்கு வச்சிருந்தோம். பஸ் சார்ஜ் வாங்கிக்கலாம். கமிட்டி மேல ஏதாவது தந்தா, அதை அந்த ஊர்ச் சபையைப் பாத்துக்கிற உபதேசியார் கையில குடுத்துட்டு வரணும்.

மார்த்தாளின்_தங்கை

அண்ணாச்சி எழுதினதைப் படிச்சு எனக்கே வெங்காயம் உரிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஆனா ஒரு கேள்வி. அந்த அண்டாப் பக்கத்து நாற்காலியில பெண் யாராவது உக்காந்தாங்களா?

நானும் பி.டி. தான். அதே செராம்பூர் பல்கலைக்கழகத் தேர்வு, அதே கிரேக்கம், அதே எபிரேயம். எங்க வகுப்புல பெண்கள் நாலு பேர். எனக்குக் குருப்பட்டம் கிடைக்கல, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில சாப்ளினா (நோயாளிகளுக்காக ஜெபிச்சு ஆறுதல் சொல்ற ஊழியர்) இருக்கேன். இன்னொருத்தி பள்ளிக்கூடத்துல வேதபாடம் எடுக்கறா. மீதி ரெண்டு பேர் வகுப்புத் தோழர்களையே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, இன்னைக்கு ஊருக்கெல்லாம் ஆயரம்மா. அதுல ஒருத்தி கிரேக்கத்துல வகுப்பிலேயே முதல். வீட்டுக்காரருக்கு இப்பவும் பிரசங்கத்துக்கு வார்த்தை பார்த்துக் கொடுக்கறது அவதான்.

எங்க பேட்ச் கூடுகை நாலஞ்சு வருஷத்துல "ஆயர்கள் கூடுகை"ன்னு பேர் மாறிடுச்சு. யாரும் தீர்மானம் போட்டு மாத்தல, நோட்டீஸ் அடிச்ச தம்பி அப்படி அடிச்சுட்டார், அவ்வளவுதான். நிகழ்ச்சி நிரல்ல, ஆயர்களுக்குக் கருத்தரங்கு, குடும்பத்தாருக்கு ஏரியில படகு சவாரி. நான் ஆயரும் இல்ல, ஆயர் குடும்பமும் இல்ல. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம டீ ஸ்டால் பக்கம் நின்னேன். 2013-ல புஷ்பலலிதா அம்மா நந்தியால் பேராயரா அபிஷேகம் ஆகி, தென்னிந்தியத் திருச்சபைக்கு (சி.எஸ்.ஐ.) முதல் பெண் பேராயர் வந்தாச்சு. எங்க பேட்ச் போட்டோவில மட்டும் நாங்க இன்னும் ஓரத்துலதான்.

நாங்க நாலு பேரும் சேர்றது வேற இடத்துல. மார்ச் முதல் வெள்ளி, உலக ஜெப நாள். வருஷத்துக்கு ஒரு நாட்டுப் பெண்கள் அந்த ஆராதனை முறையை எழுதறாங்க. நம்ம ஊர்ல சி.எஸ்.ஐ., லுத்தரன், மெத்தடிஸ்ட், இரட்சணிய சேனைன்னு எல்லாச் சபைப் பெண்களும் ஒரே கோயில்ல கூடுவாங்க. ஜனவரியிலேயே எங்க வேலை ஆரம்பிச்சிடும். அந்த நாட்டைப் பத்திப் படிக்கணும், தமிழ் வாசகத்தை வாய்க்கு வர்ற மாதிரி திருத்தணும், பாட்டு தேடணும், நாடகத்துக்குப் பிள்ளைங்களைப் பிடிக்கணும். நாலு பேரும் நாலு ஊர்ல அதே வேலையைச் செய்யறோம், அதனால தினம் போன். "இந்தப் பத்தியை எப்படிச் சொல்லப் போற?"ன்னு கேக்க ஆரம்பிச்சு, மாமியார் உடம்பு, பிள்ளை படிப்பு வரைக்கும் போகும். வைகைக்கரை தம்பி சொல்றது சரின்னுதான் நானும் சொல்றேன், வேலைதான் சேர்த்து வைக்குது. ஆனா அந்த வேலை பலிபீடத்துக்குப் பின்னால நிக்கறவங்களுக்கு மட்டும்னு ஆனா, எங்களை மாதிரி பாதிப் பேர் வெளியே.

அடுப்படி_சாம்பல்

டீ ஸ்டால் பக்கம் நின்னது நான் மட்டும்தான்னு நினைச்சுட்டு இருந்தேன் அக்கா. 🙏

எதிர்க்கேள்வி

எல்லாரும் கண்கலங்கி எழுதறீங்க. நான் கொஞ்சம் கசப்பாப் பேசறேன், மன்னிச்சுக்கோங்க.

எங்க திருமண்டலத்துல பேட்ச்னா ஓட்டு. பெருமன்றத் தேர்தல் (திருமண்டல நிர்வாகத்துக்கான தேர்தல்) வர்ற வருஷம் மட்டும் எங்க பேட்ச் வாட்ஸ்அப் குழுவுக்கு உயிர் வரும். அது வரைக்கும் காலையில வசனப் படம், பிறந்தநாள் கேக் படம், யாராவது செத்தா கூப்பின கை. தேர்தல் வருஷம் ஆனா, "அண்ணே எப்படி இருக்கீங்க, ஒரு நாள் உக்காரலாமா"ன்னு போன். உக்காந்தா அங்க ஏற்கெனவே ஒரு அணித் தலைவர் இருப்பாரு, பிரியாணிக்குக் காசு அவரோடது. எந்த பேட்ச் எந்த அணி, யாருக்கு எந்த கமிட்டி, ஜெயிச்சா யாருக்கு டவுன் சபை, தோத்தா யாரு காட்டுக்குப் போகணும் எல்லாம் அங்கேயே பேசி முடிவாயிடும். நடு வருஷ மாறுதல்னு வைகைக்கரை எழுதினாரே, அது ஏன் வருதுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அசனத்துக்கு முந்தின ராத்திரி அண்டாப் பக்கத்துல உக்காந்து பேசறதும் அப்படித்தான். ஐயா காலத்துல தியானம் பேசியிருப்பாங்க. இப்போ தேர்தல் பேனல் பேசறாங்க. கூட்டாளியின் பண்டிகைக்கு யார் பிரசங்கிங்கறதே இந்த ஆள் அந்த அணின்னு காட்டற பலகை ஆயிடுச்சு. எதிர் அணி நண்பனைக் கூப்பிட்டுப் பாருங்க, மறுவாரமே மேலே இருந்து போன் வரும்.

அதனால என் கட்சி, கூடாதீங்க. ரெண்டு பேர் சினேகமா இருங்க, போதும். அமைப்பு ஆனா நாசமாப் போகும்.

நெறியாளர்

எந்தத் திருமண்டலம், எந்த அணி, யார் பேர் எதுவும் இங்க வேண்டாம். வழக்கு நடக்கற விஷயங்களையும் தொடாதீங்க. மத்தபடி பேசுங்க.

பனங்காட்டு_ஐயர்

எதிர்க்கேள்வி தம்பி சொல்றதுல பொய் இல்ல. எங்க காலத்துலயும் அணி உண்டு, தியானம் மட்டுந்தான் பேசினோம்னு நான் சொன்னா என் கூட்டாளிமாரே சிரிப்பாவ. ஆனா ஒண்ணு கவனிச்சேன். ஒரே திருமண்டலத்துக்குள்ள மட்டும் இருக்குற பேட்ச்தான் அணியா மாறுது. எங்க கூட்டத்துல லுத்தரன் ரெண்டு பேர், மதுரை-ராமநாதபுரம் ஒருத்தர், வேலூர் ஒருத்தர். அவங்க ஓட்டு எனக்குச் செல்லாது, என் ஓட்டு அவங்களுக்குச் செல்லாது. அதனால ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லுத யோசனையில சாயம் இருக்காது. "நீ அந்தக் கமிட்டியில நிக்காத, உனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு"ன்னு என்கிட்ட தைரியமாச் சொன்னவன் ஒரு லுத்தரன்தான்.

அரசரடியோ, பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியோ, கீழ்ப்பாக்கம் குருகுலமோ, பல சபைப் பிள்ளைங்களை ஒண்ணாப் படிக்க வச்ச இடத்துக்கு அந்த லாபம் உண்டு. அதை விட்டுட்டு ஊருக்கு வந்ததும் நம்ம திருமண்டலத்து ஆளுகளை மட்டும் தனியாப் பிரிச்சு ஒரு குழு ஆரம்பிச்சோம்னா, அணி வராம என்ன செய்யும்?

வாவிக்கரை

வணக்கம். நான் மட்டக்களப்புப் பக்கம் ஒரு மெதடிஸ்த போதகர். இந்த உரையாடல் தமிழ்நாட்டுக் கதையாய்ப் போகுது, எங்கட கதையையும் கொஞ்சம் சேர்க்கட்டும்.

நாங்கள் படிச்சது கண்டிக்குக் கிட்ட, பிலிமத்தலாவையில. இலங்கை இறையியல் கல்லூரி. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்த, பிரஸ்பிற்றேரியன் சபைகள் சேர்ந்து 1963-ல தொடங்கினது. சிங்களத்திலயும் தமிழிலயும் படிப்பு. காலமை ஆராதனையில ஒரு நாள் சிங்களம், ஒரு நாள் தமிழ், பாட்டு மெட்டு ஒண்டாய் இருந்தால் அவரவர் மொழியில ஒரே நேரம் பாடுவம். முதல்ல சத்தக் குழப்பமாய் இருக்கும். பிறகு பழகிப் போகும்.

படிச்சு முடிச்சு அவரவர் ஊருக்குப் போனால், எங்களுக்கு நடுவில இருந்தது தூரம் மட்டும் இல்லை, யுத்தமும்தான். 2006 ஓகஸ்ட்டில யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 வீதி மூடினாப் பிறகு, யாழ்ப்பாணத்தில இருந்த எங்கட வகுப்புத் தோழரை நாங்கள் நினைச்ச நேரம் போய்ப் பாக்கேலாது. அந்த நேரம் கூடுகை எண்டு ஒரு சொல்லே எங்களிட்ட இல்லை. கொழும்பில இருந்த ஒரு சிங்கள நண்பர்தான் இடையில நிண்டு, இவர் சொன்னதை அவருக்கு, அவர் சொன்னதை இவருக்கு எண்டு சேதி கொண்டு போனவர்.

அதுக்கு முதல், 2004 சுனாமி நேரம் இன்னொண்டு நடந்தது. மலைநாட்டுச் சபைகளில உலர் உணவும் உடுப்பும் சேர்த்துக்கொண்டு எங்கட வகுப்புச் சிங்களப் போதகர்மார் லொறியில வந்து இறங்கிச்சினம். அவையளுக்குத் தமிழ் அரைகுறை. முகாமில இருந்த சனத்தோட என்ன கதைக்கிறது எண்டு தெரியாமல் நிண்டு, கடைசியில கல்லூரியில பழகின அந்தத் தமிழ்ப் பாட்டுகளைப் பாடிச்சினம். உச்சரிப்புக்குச் சின்னப் பிள்ளைகள் சிரிச்சுதுகள். அந்த முகாமில அண்டைக்குத்தான் முதல் சிரிப்பு.

இப்ப நாங்கள் கூடுறது செத்த வீட்டில. யாரின்ரையாவது தாய் தகப்பன் மோசம் போனால், எந்த மூலையில இருந்தாலும் வகுப்பில ரெண்டு பேராவது போகவேணும் எண்டு ஒரு பேசாத ஒப்பந்தம். பெரிய விழா ஒண்டும் நாங்கள் வைக்கேல்லை, வைக்க ஒருத்தருக்கும் வசதியும் இல்லை. ஆனால் இதுவரை ஒரு செத்த வீடும் தவறேல்லை.

மார்த்தாளின்_தங்கை

ஐயா, அந்தப் பாட்டு விஷயத்தைப் படிச்சிட்டு வார்டுக்குப் போக மனசில்லாம உக்காந்திருக்கேன். நன்றி.

கூடாரத்தொழில்

நான் ஊழியத்தை விட்டவன். சபை ஊழியத்தை விட்டவன்னு திருத்திச் சொல்லணும்னு சிலர் சொல்வாங்க, நான் அப்படி அலங்காரம் பண்றதில்ல. காரணம் இங்க வேண்டாம். இப்போ ஒரு தொண்டு நிறுவனத்துல கணக்கு வழக்கு பாக்கறேன்.

விட்ட முதல் வருஷம் பேட்ச்காரங்க நிறைய போன் பண்ணினாங்க. பாதிப் பேர் ஜெபிச்சாங்க, பாதிப் பேர் விசாரிச்சாங்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல. அப்புறம் போன் நின்னுடுச்சு. கூடுகை அழைப்பிதழ் வரும், அதுல "அங்கியுடன் வரவும்"னு போட்டிருக்கும். குழுப் படத்துக்கு எல்லாரும் வெள்ளை அங்கியில நிக்கணுமாம். நான் எதுல நிக்கறது?

ஒரே ஒருத்தன் மட்டும் விசாரிக்கவே இல்ல. டிசம்பர் முதல் வாரம் போன் பண்ணி, "எங்க சபையில பாடல் பவனிக்கு கிட்டார் வாசிக்கற பையன் காலேஜுக்குப் போயிட்டான், நீ வா"ன்னான். போனேன். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு வீடு வீடா, கேக், முறுக்கு, காப்பி, விடிகாலை மூணு மணிக்கு முடியும். அடுத்த வருஷமும் கூப்பிட்டான். இப்போ அந்தச் சபைப் பிள்ளைங்களுக்கு நான் கிட்டார் அண்ணன். நான் யார், என்ன படிச்சேன், ஏன் விட்டேன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது, கேக்கவும் இல்ல.

எதிர்க்கேள்வி சார் கூடவே வேண்டாம்கறார். மத்தவங்க கூடணும்கறாங்க. எனக்குக் கூப்பிட்ட ஆள் போதுமா இருந்தது. ஆனா அவன் கூப்பிட்டது கிட்டாருக்காக.

பறைகொட்டி

இவ்வளவு தூரம் பேசிட்டு பரட்டை அண்ணன் பேர் வராம இருக்கறது நியாயமில்ல.

புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன், பரட்டை அண்ணன்னா ஜே. தியோபிலஸ் அப்பாவு ஐயா, வேலூர் பேராயத்து ஆயர், அரசரடியில பல வருஷம் கற்பித்தவர். 2005-ல இறந்துட்டார். கிராமிய இசையில ஆராதனை முறையே அமைச்சவர். பறை, நாட்டுப்புற மெட்டு, சேரி மக்கள் பேசற தமிழ் எல்லாம் கோயிலுக்குள்ள வந்தது அவரால. சமையலையும் சாப்பாட்டையும் அவர் இறையியலாவே பேசுவார், ஒரே உலையில பொங்கி எல்லாரும் ஒண்ணாச் சாப்பிடறதுதான் அவருக்குத் திருவிருந்தின் (நற்கருணையின்) அர்த்தம். பனங்காட்டு ஐயா எழுதின அசனத்தை வாசிச்சப்போ அவர் ஞாபகம்தான் வந்தது. (அந்தப் பந்தியில யாரு முதல்ல உக்காந்தாங்க, யாரு கடைசியில உக்காந்தாங்கன்னும் அவர் கட்டாயம் கேட்டிருப்பார். நாமும் கேக்கணும்.)

நான் சொல்ல வந்தது வேற. அவர் பாட்டுங்க ஊர் ஊராப் போனது எப்படி? கேசட் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா முக்கியமாப் போனது படிச்சு முடிச்சு கிராமத்துக்குப் போன பிள்ளைங்க மூலமா. அவன் ஒரு சேரியில சொல்லிக் கொடுப்பான், அந்தச் சனங்க அதை அவங்க வாய்க்குத் தக்க மாதிரி மாத்துவாங்க, ஒரு அடியைச் சேர்ப்பாங்க. அதுல அவருக்குச் சந்தோஷம்தான், பாட்டு மக்களோடதுன்னு நினைச்சவர்.

எங்க பேட்ச் இன்னைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கறது இதால. நவம்பர்ல ரெண்டாவது ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறு வரும்ல, அதுக்கு முன்னால உங்க ஊர்ல அந்தப் பாட்டை இப்போ எப்படிப் பாடறாங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் பதிவு பண்ணி அனுப்புவோம். திருவள்ளூர்ப் பக்கம் ஒரு மாதிரி, சிவகங்கைப் பக்கம் வேற மாதிரி. ஒரு ஊர்ல இழுத்துப் பாடுவாங்க, இன்னொரு ஊர்ல அடி வேகமாயிடும். வாட்ஸ்அப்ல வசனப் படம் தவிர உருப்படியா வர்றது அது ஒண்ணுதான்.

எதிர்க்கேள்வி

பறைகொட்டி, இது நல்லா இருக்கு. பாட்டுக்கு ஓட்டு இல்ல.

பந்தி கேள்வியும் சரி. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஊர்ல அசனச் சோறு தெரு வாரியாத்தான் போகுது. எந்தத் தெருவுக்கு முதல்லன்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும், யாரும் எழுத மாட்டாங்க. வெளியூர்ல இருந்து வந்த பேட்ச் நண்பன் மேடையில பிரசங்கம் பண்ணிட்டு, அதே சோத்தைச் சாப்பிட்டுட்டுப் போயிடறான். அவன் ஒரு வார்த்தை கேட்டா என்ன? உள்ளூர் குரு கேட்டா மாறுதல் வரும். வெளியூர்க்காரனுக்கு என்ன வரும்?

பனங்காட்டு_ஐயர்

கேட்டிருக்கேன். அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடல. அதுக்கு அடுத்த வருஷம் புது குருவானவர் வந்தப்போ வரிசை மாறியிருந்ததுன்னு கேள்விப்பட்டேன். நான் கேட்டதாலயா, அவர் செஞ்சதான்னு எனக்குத் தெரியாது, அவருக்கே அந்தப் பேரு போகட்டும்.

வைகைக்கரை

எல்லாத்தையும் வாசிச்சேன். நேத்து ராத்திரி எங்க பேட்ச் குழுவுல ஒரு வழியா வாயைத் திறந்துட்டேன். என்ன சொன்னேன்னு எழுதறேன், ஓட்டை இருந்தா சொல்லுங்க.

ஹால் வேண்டாம். வசூலும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை, எங்கள்ல யாருக்கு ரொம்பக் கஷ்டமான சேகரமோ (ஒரு குரு பாக்கற சபைகள் சேர்ந்தது) அங்க எல்லாரும் போறது. என் மாதிரி இடத்துல ஒரு குருவுக்குப் பத்துப் பன்னிரண்டு சபை. ஒவ்வொரு ஊருக்கும் திருவிருந்து போய்ச் சேரவே மாசக்கணக்கா ஆகும், மீதி ஞாயிறெல்லாம் உபதேசியார்தான். ஏழெட்டுப் பேர் வந்தா ஒரே நாள்ல எல்லா ஊருக்கும் திருவிருந்து. சாயங்காலம் எல்லாரும் பெரிய கோயில்ல கூடிப் பாட்டு, அப்புறம் ஒரே சமையல். குருப்பட்டம் இல்லாதவங்க பிரசங்கத்துக்கும் ஞாயிறு பள்ளிக்கும் வீட்டு சந்திப்புக்கும். கிட்டார் வாசிக்கறவங்க கிட்டாருக்கு. அங்கிப் படம் கிடையாது.

ரெண்டு பேர் உடனே சரின்னாங்க. ஒருத்தர், "அப்போ நினைவுப் பரிசு?"ன்னு கேட்டார். மூணு பேர் வாசிச்சுட்டுப் பேசாம இருக்காங்க.

அடுப்படி_சாம்பல்

பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கே பாஸ்டர். ஞாயித்துக்கிழமை உங்க ஏழெட்டுப் பேரும் உங்க ஊருக்கு வந்துட்டா, அவங்கவங்க சபையை யார் பாப்பாங்க? குருமாருக்கு ஓய்வுன்னு கிடைக்கறதே திங்கக்கிழமைதான்.

வைகைக்கரை

அதைத்தான் மூணு பேர் பேசாம இருந்து சொல்றாங்க போல. திங்கக்கிழமை வச்சா கிராமத்துல சனம் வராது, நூறு நாள் வேலைக்கும் கரிமூட்டத்துக்கும் போயிடுவாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வச்சா வருவாங்க. திங்க சாயங்காலம் எல்லா ஊர்லயும் திருவிருந்து, செவ்வாய் காலையில கிளம்பறது. ஈஸ்டர் முடிஞ்ச மறுவாரம் வச்சா லெந்து கால அலைச்சலும் முடிஞ்சிருக்கும்.

எதிர்க்கேள்வி

பேராயர் அனுமதி வாங்கிடுங்க, எழுத்துல. வேற திருமண்டலத்து ஆள் வந்து திருவிருந்து கொடுத்தார்னு எவனாவது பெட்டிஷன் போடுவான். லுத்தரன் நண்பர் வந்தார்னா அவருக்கு என்ன பொறுப்புன்னும் அதுலேயே எழுதிக் கேட்டுடுங்க. தேர்தல் வருஷமா இருந்தா அந்த வருஷம் தள்ளிப் போடுங்க, இல்லன்னா நீங்க என்ன சொன்னாலும் அது பேனல் கூட்டம்தான். (கூடாதீங்கன்னு சொன்னவன் நிபந்தனை எழுதிக்கிட்டு உக்காந்திருக்கேன்.)

மார்த்தாளின்_தங்கை

நான் வேற பேட்ச், வேற கல்லூரி. வரலாமா? பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்க, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை பாக்க எங்க ஆஸ்பத்திரி நர்ஸ் ரெண்டு பேரையும் கேட்டுப் பாக்கறேன். ஆனா படகு சவாரி இருந்தா வரமாட்டேன்.

வைகைக்கரை

அக்கா, எங்க கண்மாயில தண்ணியே கிடையாது. தைரியமா வாங்க.

பனங்காட்டு_ஐயர்

எனக்கு இப்போ ஞாயிறும் ஓய்வு, திங்களும் ஓய்வு. ஒரு ஊரை எனக்கு ஒதுக்குங்க தம்பி. மோட்டார் சைக்கிள்ல பின்னால உக்கார முடியாது, இடுப்பு ஒத்துழைக்காது. ஆட்டோ போற ஊரா இருக்கட்டும். சமையலுக்கு ஆடு யார் நேர்ச்சைன்னு முடிவாயிட்டுதா?